பாங்காக் கோயில்கள், கொளுத்தும் வெயில், கூடவே நண்பர் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் நானூறுக்கும் மேல் புத்தக் கோயில்கள் இருக்கின்றன. பெயருக்கு முன்னால் ‘வாட்’ என்று வந்தால் கோயில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு முதல் தடவை போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்துதான் இருக்கும்.

ஒரே நாளில் எத்தனை கோயில் பார்க்கலாம்?

இரண்டு. மூன்றாவது சின்னதாக இருந்தால் மூன்று. ஏழு கோயில், எட்டு கோயில் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிற கூட்டத்தை மதியம் ஒரு மணிக்குப் பார்க்க வேண்டும்: ஒருவர் படிக்கட்டில் சாய்ந்துவிட்டிருப்பார், இன்னொருவர் பக்கத்தில் ஏசி மால் எங்கே என்று ஃபோனில் தேடிக்கொண்டிருப்பார், பட்டியல் போட்டவர் மட்டும் "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டிருப்பார். தங்கக் கூரையும் கண்ணாடிச் சில்லும் மூன்றாவது கோயிலோடு கண்ணுக்குப் பழகிப்போகும், அதற்குப் பிறகு எது எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடும்.

எந்த மாதத்தில் போனால் வெயில் குறைவு?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை. மார்ச் முதல் மே வரை கொளுத்தும், ஏப்ரல்தான் உச்சம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம், பெரும்பாலும் பிற்பகலில் ஒரு கொட்டு கொட்டிவிட்டு நிற்கும். கோயில் தரையெல்லாம் பளிங்கு, வெறுங்காலோடு நனைந்த பளிங்கில் வேகமாக நடக்காதீர்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, ஊரே தண்ணீர்த் துப்பாக்கியோடு தெருவில் நிற்கும். கொண்டாட்டத்துக்கு நல்ல நாட்கள், நிதானமாகக் கோயில் பார்ப்பதற்கு இல்லை.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

படுத்திருக்கும் புத்தர் இருக்கிற வாட் போ எட்டு மணிக்குத் திறக்கிறது, மரகத புத்தர் கோயில் இருக்கிற அரண்மனை (கிராண்ட் பேலஸ்) எட்டரைக்கு. கதவு திறக்கும்போது வாசலில் இருங்கள். பதினோரு மணிக்குள் முதல் சுற்றை முடித்துவிட்டு, மூன்று மணி வரை வெளியே தலை காட்டாதீர்கள்: சாப்பாடு, ஏசி, முடிந்தால் ஒரு குட்டித் தூக்கம். நாலு மணிக்கு மேல் மறுபடி சாவ் பிரயா ஆற்றங்கரைக்கு வந்தால் அக்கரையிலுள்ள வாட் அருணை நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம், அது மாலை ஆறு வரை திறந்திருக்கும். நண்பர் கூட்டத்தில் ஏழரைக்கு எல்லோரும் கிளம்பி நிற்பது நடக்கிற காரியமா என்று கேட்டால், முந்தின இரவு எங்கே போனீர்கள் என்பதைப் பொறுத்தது. கோயில் நாளுக்கு முந்தின இரவைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் வித்தை.

ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் எது?

வாட் போ. பலர் அரண்மனை என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாட் போவில் இடம் தாராளம், மரநிழல் உண்டு, மூச்சு விட முடியும். படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் அவரை ஒட்டியே கட்டியது போல இருப்பதால் எங்கே நின்றாலும் முழு உருவம் கண்ணில் அடங்காது, தூண்களுக்கு இடையில் முகம், கொஞ்சம் நடந்தால் முழங்கை, இன்னும் நடந்தால் பாதம் என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில் பதித்திருக்கிறார்கள், அதன் முன்னால்தான் கூட்டம் நிற்கும்.

பாதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறிவிடாதீர்கள். புத்தரின் முதுகுப்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் நோட்டைக் கொடுத்தால் சின்னத் தட்டு நிறையச் சில்லறை தருவார்கள், கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர் போட்டுக்கொண்டே நகர்வதால் மண்டபம் முழுக்க ‘டிங் டிங்’ என்று ஓயாமல் கேட்கும். கடைசிக் கிண்ணம் வருவதற்குள் காசு தீர்ந்துவிடும் அல்லது கை நிறைய மிஞ்சும், சரியாக முடிகிறவர்கள் அபூர்வம்.

நுழைவு 300 பாட். கோயிலுக்குள்ளேயே மசாஜ் கூடமும் இருக்கிறது. இங்கே மூன்றாம் ராமா என்ற தாய்லாந்து மன்னரின் காலத்தில் மருத்துவத்தையும் மசாஜ் நுணுக்கங்களையும் கல்லில் பொறித்து வைத்தார்கள், அந்தக் கல்வெட்டுத் தொகுப்பை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. நடந்து ஓய்ந்த காலுக்கு அங்கேயே பாத மசாஜ் எடுத்துக்கொள்வது சரியான முடிவு.

அரண்மனைக்கு 500 பாட் கொடுப்பது தகுமா?

தகும், ஆனால் ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தகும். அரண்மனை வளாகத்துக்குள் இருப்பதுதான் வாட் ஃபிரா கேவ், மரகத புத்தர் கோயில். 1782இல் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றியதையொட்டிக் கட்டியது. புத்தர் சிலை 66 சென்டிமீட்டர்தான், மிக உயரத்தில் இருப்பதால் இன்னும் சின்னதாகத் தெரியும். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் அவருக்குத் தனித்தனி பொன்னாடை, மன்னரே வந்து மாற்றுவது மரபு. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

பெரும்பாலோர் சிலையைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். நீங்கள் சுற்றுப் பிரகாரத்துக்குப் போங்கள். 178 சுவரோவியங்களில் முழு ராமாயணமும் இருக்கிறது, தாய்லாந்து வடிவத்தில், ராமகியன் என்ற பெயரில். மேலே கூரை இருப்பதால் நிழலும் கிடைக்கும். இவர்களுடைய அனுமன் பிரம்மச்சாரி இல்லை என்பது முதல் அதிர்ச்சி. சேதுவைக் கட்டும்போது கல்லைத் தூக்கிக்கொண்டு போகிற மீன்கன்னி சுவன்னமச்சா ராவணனின் மகள், அவளோடு அனுமனுக்குக் காதல், ஒரு மகனும் உண்டு. நண்பர்களில் யாராவது ஒருவருக்குக் கதை சொல்லத் தெரிந்தால் அந்தப் பிரகாரத்திலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். டிக்கெட் மதியம் மூன்றரையோடு நின்றுவிடும்.

வெயிலுக்கு அரைக்கால் சட்டை போடலாமா?

அரண்மனையில் உள்ளேயே விட மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். கையில்லாத பனியன், கிழிந்த ஜீன்ஸ், உடம்பு தெரிகிற மெல்லிய துணி, இறுக்கமான லெக்கிங்ஸ் எல்லாம் ஆகாது. மேலே துண்டு போர்த்திக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைப்பது மற்ற கோயில்களில் நடக்கும், அரண்மனையில் நடக்காது. வாசலுக்கு வெளியே யானைப் படம் போட்ட தொளதொள பேண்ட் விற்பார்கள், காற்றோட்டத்துக்கு ஜீன்ஸை விட அதுவே மேல், குழுவே அதைப் போட்டுக்கொண்டு திரிவதும் ஒரு வேடிக்கைதான். பருத்தியில் அரைக்கைச் சட்டை, முழு நீள மெல்லிய பேண்ட், தொப்பி அல்லது குடை. தொப்பியைச் சன்னிதிக்குள் கழற்றிவிட வேண்டும்.

செருப்பு?

சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை கழற்றுவீர்கள், ஷூவும் லேஸுமாக வருகிற நண்பருக்காக மற்றவர்கள் ஒவ்வொரு வாசலிலும் காத்து நிற்க வேண்டியிருக்கும். ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருந்தால் நல்லது, செருப்பு விட்ட இடத்துக்கும் சன்னிதிக்கும் நடுவில் வெயிலில் காய்ந்த கல்தரை பத்தடி இருந்தாலும் போதும், துள்ளிக் குதித்துத்தான் போக வேண்டிவரும்.

உள்ளே போனால் எப்படி நடந்துகொள்வது?

நம் கோயில் பழக்கம் பாதி உதவும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு உட்காருவதுதான் அங்கே வழக்கம். பத்து நிமிடத்தில் மரத்துப்போகும், அப்போது மண்டி போடலாம், அல்லது எழுந்து பின்னால் போய்விடலாம். யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். கைகூப்பிக் கும்பிடுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேண்டிக்கொள்ள ஆசை இருந்தால் தாமரை மொட்டு, மெழுகுவத்தி, மூன்று ஊதுபத்தி சேர்த்து விற்பார்கள். மூன்று என்பது புத்தம், தம்மம், சங்கம். சில இடங்களில் சின்னத் தங்க இதழும் சேர்ந்து வரும், அதைச் சிலையில் ஒட்ட வேண்டும், காற்றாடிக்குக் கீழே நின்று பிரித்தால் இதழ் உங்கள் மூக்கில்தான் ஒட்டும். குச்சி நிறைந்த மூங்கில் குவளையைக் குலுக்கி, கீழே விழும் குச்சியின் எண்ணுக்கு உரிய சீட்டை எடுத்துக் குறி பார்க்கலாம். நண்பர்கள் கூட்டத்தில் இதுதான் நன்றாக ஓடும்.

பெண்கள் பிக்குகளிடம் பேசலாமா?

பேசலாம், தொடக் கூடாது. கையில் நேராக எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, கீழே வைத்தாலோ அவர் விரிக்கும் துணியில் வைத்தாலோ எடுத்துக்கொள்வார். படகில் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் யாரும் உட்காராதீர்கள், ஆண்களும்தான்.

மாதவிடாய் நாட்களில் போகலாமா? அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

இரண்டுக்கும் ஆம். பாங்காக்கின் கோயில்களில் யாரும் கேட்பதில்லை, தடை என்று எதுவும் இல்லை. தாய்லாந்துப் பிக்குகளே காலையில் பிச்சையில் விழுவதை, அசைவம் உட்பட, சாப்பிடுகிறவர்கள்தான். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை.

படம் எடுப்பதில் என்னென்ன பிரச்சினை?

புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் செல்ஃபி எடுப்பதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலை மேல் ஏறுவது, சிலை போலவே கைவைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பது எல்லாம் அங்கே இருப்பவர்களைப் புண்படுத்தும். வழிபடுகிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

வாட் அருண் பக்கம் பாரம்பரிய உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. தலை அலங்காரத்தோடு சேர்த்துச் செய்துவிடுவார்கள், படம் அற்புதமாக வரும். கூட்டத்தில் ஒருவர் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், ஆனால் அலங்காரத்துக்கே ஒரு மணி நேரம், படம் எடுக்க இன்னொரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நிழலில் வேறு வேலை கொடுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பட்டுடுத்தி நின்றால் பூசிய ஒப்பனை கழுத்துக்கு இறங்கிவிடும். நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்வதே புத்தி.

வாட் அருணில் படம் எடுப்பதைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

கிட்டப் போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து ஒரே சாம்பல் வெள்ளையாகத் தெரிகிற கோபுரம், பக்கத்தில் போனால் முழுக்கப் பீங்கான் சில்லு: உடைந்த சீனத் தட்டு, கிண்ணத்தின் அடிப்பாகம், கிளிஞ்சல், இவற்றை அடுக்கியே இதழும் இலையுமாகப் பூக்கள் செய்திருக்கிறார்கள். சில பூக்களில் முழுச் சாப்பாட்டுத் தட்டே நடுவில் உட்கார்ந்திருக்கும். மேலே மாடத்தில் மூன்று தலை யானை மேல் இந்திரன். கோயிலின் பெயரே நம் அருணன்தான். படி செங்குத்து, ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைத் தேடுவீர்கள். நுழைவு 200 பாட். ‘விடியல் கோயில்’ என்று பெயர் இருப்பதால் விடியற்காலையில்தான் போக வேண்டும் என்று எழுந்து ஓடாதீர்கள், எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

"இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால்?

நம்பாதீர்கள். பழைய தந்திரம், இன்னும் ஓய்ந்தபாடில்லை. நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார், எந்த ஊர் என்று விசாரிப்பார், பூஜை நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பார், அதுவரை வேறு கோயில் பார்க்கலாமே என்று டுக்-டுக் ஆட்டோ ஒன்றையும் இருபது பாட்டுக்குப் பேசிக் கொடுப்பார். அந்த டுக்-டுக் நேரே ரத்தினக்கல் கடைக்கோ தையல் கடைக்கோ போய் நிற்கும், ஓட்டுநருக்குக் கமிஷன் அங்கே. பேச்சை வளர்க்காமல் சிரித்துவிட்டு நுழைவாயில் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். சிக்கல் பெரிதானால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

எப்படிப் போவது? டாக்ஸியா, படகா?

ஆற்றோரக் கோயில்களுக்குப் படகுதான். சபான் தக்சின் மேம்பால ரயில் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட், காற்றும் இலவசம். தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ, அதே இடத்திலிருந்து 5 பாட்டுக்கு அக்கரை வாட் அருண். மெட்ரோ என்றால் நீலப் பாதையில் சனாம் சாய் நிலையம், வாட் போவுக்கு நடை தூரம். நாலு பேர் என்றால் டாக்ஸி பல சமயம் ரயிலை விட மலிவாக முடியும், ஆனால் மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் ஏறவே ஏறாதீர்கள். டுக்-டுக்கை ஒரு தடவை ஆசைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டம் பிடிக்காது. அமைதியான கோயில் எது?

வாட் ரட்சநட்டா. அதன் லோஹ பிரசாத் என்ற உலோகக் கோபுர மாளிகையில் 37 கூர்முனைகள், ஞானம் அடையத் தேவையான 37 குணங்களைக் குறிப்பவை. உள்ளே சுழல்படியில் ஏறிப்போனால் நீள நீளத் தாழ்வாரங்கள், காற்று வரும், ஆள் இருக்காது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வாட் சகேத், தங்க மலை. சுமார் 344 படிகள், குன்றைச் சுற்றிச் சுற்றிப் போகிற தாழ்வான படிகள் என்பதால் மூட்டுவலிக்காரரும் ஏறிவிடலாம். வழியில் மணிகள் இருக்கும், அடித்துக்கொண்டே போகலாம். 1898இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில் கிடைத்த புத்தர் அஸ்தியில் ஒரு பங்கு அன்றைய சயாம் மன்னருக்குக் கொடுக்கப்பட்டு இங்கேதான் வைக்கப்பட்டது.

சைனாடவுன் பக்கம் போகிறவர்கள் வாட் டிரைமிட்டை விடாதீர்கள். பல காலம் சாதாரணச் சுண்ணச் சிலை என்று நினைத்திருந்ததை 1955இல் இடம் மாற்றும்போது மேல்பூச்சு உடைந்து, உள்ளே ஐந்தரை டன் தங்கம் தெரிந்தது. படையெடுப்பில் பர்மியர் கண்ணில் படாமலிருக்கப் பூசியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

அங்கே தமிழ்த் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. வாட் சுத்தத் வாசலில் இருபது மீட்டருக்கும் மேல் உயரமாகச் சிவப்பு நிறத்தில் ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டம் நிற்கும். மார்கழி, தை வாக்கில் சிவனை வரவேற்கும் திரியம்பாவாய் விழாவில் அந்தக் காலத்தில் அதில் ஆடுவார்கள், விபத்துகளும் நடந்திருக்கின்றன, 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. அரசவைப் பிராமணர்கள் அந்த விழாவில் ஓதுகிற மந்திரத்தில் நம் திருவெம்பாவைப் பாட்டு கலந்திருக்கிறது, சொற்கள் உருமாறித் தேய்ந்திருந்தாலும். அவர்களுடைய கோயிலான தேவஸ்தான் அதே இடத்தில்தான் இருக்கிறது. சீலோம் பகுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு, அது புத்தக் கோயில் இல்லை என்றாலும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிற நண்பர் இருக்கிறார். என்ன செய்வது?

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் காய்கறியில் மீன் சாறு ஊற்றித் தந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது மசாலா கணக்கு. ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகளில் முழுச் சைவம் கிடைக்கும், பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். இளநீரும் வெட்டிய பழமும் எல்லா வாசலிலும் உண்டு.

வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றினால்?

நிழலுக்கு அழைத்துப்போய் உட்கார வையுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசலை மெல்லக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக்கடையில் பொட்டலம் கிடைக்கும், காலையிலேயே ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேச்சு குளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடம்பைத் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டே அவசர மருத்துவ உதவி எண் 1669க்கு அழையுங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும், வாடா" என்கிற நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கூட வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கோயிலில் ஆர்வமே இல்லையே?

இழுத்துக்கொண்டு போகாதீர்கள். காலையில் ஒரு கோயில் எல்லோரும் சேர்ந்து, அப்புறம் ஆர்வமுள்ளவர்கள் மட்டும். மற்றவர்கள் மசாஜுக்கோ மாலுக்கோ போகட்டும், மாலை ஐந்து மணிக்கு தா தியென் துறையில் சந்திப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் பிரிந்தால் ‘யானைச் சிலைக்குப் பக்கத்தில்’ என்று சொல்லாதீர்கள், அப்படி நிறைய இருக்கும். டிக்கெட் கவுண்டரைச் சந்திப்பு இடமாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் செலவுக்கு ஆளுக்கு ஆயிரம் பாட் போட்டு ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வாசலிலும் ஐந்து பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிற தலைவலி மிச்சம்.

புத்தர் சிலை வாங்கி வரலாமா?

வாங்கலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அவர்களுடைய கலைத்துறையின் அனுமதி வேண்டும், பழைய சிலை என்றால் அனுமதி கிடைப்பது கஷ்டம். கழுத்தில் போடுகிற சின்னத் தாயத்துக்கு இந்தக் கெடுபிடி இல்லை. வாட் ரட்சநட்டா பக்கத்தில் தாயத்துக்கென்றே தனிச் சந்தை இருக்கிறது, விலை கேட்டுப் பேரம் பேசலாம்.